பெஞ்சுப் பூச்சு ஆய்வுக்குழு

உலகத்தில் சாம்ராஜ்யங்கள் கவிழ்ந்ததெல்லாம் அவசரத்தால்தான். ஆற அமர யோசித்துக் கெட்டவன் எவனும் இல்லை. இது சூப்பிரண்டின் அசையாத கொள்கை. அவர் மேஜைக்கு வந்த எந்தக் கோப்பும் அவசரப்பட்டு வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவருடைய தோட்டத்துக்கு மாமனார் ஆசையாக ஒரு மர பெஞ்சு செய்து அனுப்பினார். "வெயில்லயும் மழையிலயும் கிடக்கும் மாப்பிள்ளை, ஏதாவது பூசிடுங்க" என்று போனில் சொன்னார்.

அந்த 'ஏதாவது'தான் சூப்பிரண்டை உறுத்தியது. பொறுப்புள்ள மனிதன் 'ஏதாவது' பூசுவானா? எண்ணெயா, வார்னிஷா, மெழுகா, பெயிண்டா? அன்றே சாப்பாட்டு மேஜையில் 'பெஞ்சுப் பூச்சு ஆய்வுக்குழு' உதயமாயிற்று. தலைவர் அவர், உறுப்பினர்கள் மனைவியும், பெயிண்ட் கடை வைத்திருக்கும் மச்சானும்.

மச்சான் கையோடு ஒரு டப்பா வார்னிஷ் கொண்டுவந்து, இப்போதே அடித்துவிடலாம் என்றான். கடைக்காரன் சொந்தச் சரக்கைச் சிபாரிசு செய்வது முறைகேடு என்பதால் டப்பா 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது. எண்ணெய் என்றால் வருஷா வருஷம் தேய்க்க வேண்டும். பெயிண்ட் என்றால் மரத்தின் ரேகை மறைந்துவிடும். மெழுகு வெயிலுக்குத் தாங்காது. முடிவாகும்வரை பெஞ்சில் யாரும் உட்காரக் கூடாது என்று தடை வேறு. ஆற அமர யோசிக்கிற வீட்டில் அமர்வதற்கு மட்டும் அனுமதி இல்லை.

மழை வந்தது, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வெயில் வந்தது, மழை தந்த அனுபவம் ஆராயப்பட்டது. அடுத்த மழையில் பெஞ்சின் காலில் காளான் முளைத்தது.

"எங்கப்பா வந்து பார்த்தா நான் முகத்தை எங்க வெச்சுக்கிறது?" என்று மனைவி கண் கலங்கினாள். பாவம், அவளுக்கு நிர்வாகம் தெரியாது. சூப்பிரண்டு காளானுக்கென்று தனியாக ஒரு துணைக்குழு அமைத்து அவளைத் தேற்றினார்.

அப்பா வந்தேவிட்டார். பையைக்கூட இறக்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்தார். உளுத்த கால் மடங்கியது. பெரியவர் புல்லில் கிடந்தார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை.

"என்ன மாப்பிள்ளை, ஒண்ணுமே பூசலையா?"

சூப்பிரண்டு தன் வாழ்நாளில் முதல்முறையாக யோசிக்காமல் பேசினார். பூச்சு வேலை இறுதிக் கட்டத்தில் இருப்பதாகவும், இந்த மண்ணில் ஈரம் ஜாஸ்தி என்றும், மரமே கொஞ்சம் இளசாக இருந்திருக்கலாம் என்றும், மச்சான் டப்பாவைக் கொண்டுவந்ததோடு சரி, திறக்கவே இல்லை என்றும் மூச்சு விடாமல் அடுக்கினார்.

அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்திய மனைவி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விடுங்கப்பா. ஊர்ல எல்லாரும் பூசித்தான் மெழுகுவாங்க. இவர் பூசாமலே மெழுகுறவர்."