தாகங்கட்டிச் சாமியாரும் கொழுந்துத் தராசும்

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்குச் சைக்கிளில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், மறுபடியும் ஏற வேண்டும். சித்திரை வருடப் பிறப்புப் பந்தயம் அது. இதற்கு வயிற்றில் சாப்பாடும் போத்தலில் தண்ணீரும் வேண்டும் என்று நினைத்தால் நீங்கள் நாத்திகர். கையில் ஒரு கறுப்புக் கயிறு போதும்!

கயிறு கட்டுபவர் தாகங்கட்டிச் சாமியார். ஆயிரம் ரூபாய்க்குத் தாகத்தையும் பசியையும் மந்திரத்தால் கட்டிவிடுவார். பந்தயம் முடியும்வரை வாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. பட்டால் கட்டு அவிழ்ந்துவிடும். அவரே பதினொரு வருடமாகத் தண்ணீர் குடிக்கவில்லையாம். போன வருடம் வென்றவன் கையில் இந்தக் கயிறு இருந்ததை ஊரே பார்த்தது. அவன் வழியில் நாலு வாழைப்பழமும் இரண்டு போத்தல் உப்புப் போட்டுத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரும் உள்ளே தள்ளியதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜீவராணிக்கு அந்தக் கயிற்றைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவளுடைய தம்பி விஜிதரன் அதைக் கட்டிக்கொண்டு பந்தயத்துக்குப் பழகப் போய், வட்டவளை வளைவில் மயங்கி விழுந்தான். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு சேலைன் ஏற்றிய பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

சாமியார் அசரவில்லை. "ஊசி வழியா தண்ணி குடிச்சிட்டான். கட்டு அவுந்துருச்சு. பந்தயத்துக்கு மொத நாள் வரச் சொல்லு, ரெட்டைக் கட்டா போட்டுடுறேன்."

"நீ சந்தேகப்படுறதாலதான்கா எனக்குப் பலிக்கல" என்றான் விஜிதரன். இந்த முறை விழுந்தால் எழுந்திருப்பானா என்ற பயத்தில் ஜீவராணிக்குச் சோறு இறங்கவில்லை.

பந்தயத்துக்கு முதல் நாள் தோட்டத்துக்கு லீவு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் அலைமோதியது. தோட்டத் தலைவர் செல்லசாமி சேலையால் ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்திருந்தார். சாமியார் அதற்குள்ளே இரண்டு மணி நேரம் தவமிருப்பார். பையன்களின் தாகத்தையெல்லாம் தன் உடம்பில் இழுத்துக்கொண்டு வற்றிப்போவார். அப்புறம்தான் கயிறு.

ஜீவராணி கும்பிட்டபடி முன்னால் வந்தாள்.

"சாமி, எங்களுக்காக உங்க ஒடம்பு எவ்வளவு வத்துதுன்னு சனங்க கண்ணால பாக்கணும். தவத்துக்கு முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்கா இந்தத் தராசுல உக்காருங்க."

"நல்ல யோசனை!" என்று தலைவர் முந்திக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. தண்ணீரை வென்றவருக்குக் கைதட்டலை வெல்ல முடியவில்லை. தராசுக் கொக்கியில் மாட்டிய கொழுந்துச் சாக்கில் கால் மடக்கி உட்கார்ந்து தொங்கினார். எண்பத்தொரு கிலோ.

இரண்டு மணி நேரம் சாம்பிராணி புகைந்தது. மறைப்புக்குள்ளிருந்து மந்திரம் கேட்டது, நடுவில் ஒரு ஏப்பமும் கேட்டது. பக்தர்கள் அதையும் மந்திரமென்றே எடுத்துக்கொண்டார்கள். சாமியார் தள்ளாடியபடி வந்து மறுபடி சாக்கில் ஏறினார்.

எண்பத்துமூன்று!

"அது... அருளோட எடை" என்றார் சாமியார்.

"அருளுக்கு எடை இருந்திருந்தா கணக்கப்பிள்ளை அதையும் எங்க கொழுந்துல கழிச்சிருப்பாரு சாமி! எலையில ஒட்டுன தண்ணிக்குன்னு தெனமும் ரெண்டு கிலோ வெட்டுறாங்க. தண்ணி எவ்வளவு கனம்னு எங்களுக்கா தெரியாது?" என்றாள் ஜீவராணி.

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஒருத்தி சேலையை இழுத்தாள். உள்ளே காலித் தண்ணீர்ப் போத்தல், வாழைப்பழத் தோல், பாதி கடித்த ரொட்டி, குளுக்கோஸ் பெட்டி. சாமியார் ஓடப் பார்த்தார். சாக்கு காலைச் சுற்றிக்கொண்டது. தலைவர் மட்டும், "யாரோ பொறாமையில கொண்டாந்து வச்சிருப்பாங்க" என்று கடைசிவரை சொல்லிப் பார்த்தார்.

விஜிதரனின் கண் கலங்கியது. "நான் ரோட்டுல கெடந்தப்பவும் இவரு குடிச்சிக்கிட்டுத்தான் இருந்தாராக்கா?"

"நீ விழுந்தது நம்பிக்கை இல்லாம இல்லடா. தண்ணி இல்லாம."

மறுநாள் அவன் ஏற்றத்துக்கு ஏற்றம் குடித்தான், பசிக்கும் முன்பே பழம் தின்றான். ஒன்பதாவதாக வந்தான், தன் காலில் நடந்து வீட்டுக்கும் வந்தான். தண்ணீர்ப் போத்தலைச் சைக்கிளில் கட்டியிருந்தது அதே கறுப்புக் கயிறுதான். அதற்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

இப்போது கினிகத்தேனையில் புதிதாக ஒரு சாமியார் வந்திருக்கிறார். அவர் கயிறு கட்டினால் எந்த இறக்கத்திலும் பிரேக் வேண்டாமாம். வரிசை கடைத்தெருவரை நிற்கிறது. நிற்கப் போகிறவர்களே, முதலில் கொஞ்சம் குனிந்து, அவர் வந்த வண்டியில் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள்.