மூன்றாம் நம்பர் கேடி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு சினிமாவில் நடித்திருக்கிறேன். அந்தப் படத்தில் நான் இல்லை. நடித்ததற்குப் பலனாக என் கல்யாணம் ஒன்றரை வருடம் நின்றுபோனது. இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கேட்பவர்கள்தான் சிரிக்கிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருந்தேன். வருகிற உருப்படியை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், தப்பாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். (அப்போது யாராவது என் நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நிறைய பேர் பிழைத்திருப்பார்கள்.) பக்கத்து மேஜையில் பிரமீளா. அவளுக்கு வேப்பனப்பள்ளி, மாந்தோப்புக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. நான் ராயக்கோட்டை, தக்காளிக் குடும்பம், வீட்டில் தமிழ். இரண்டு வருடம் வீட்டில் அழுது, சாப்பிடாமல் கிடந்து, அவள் தன் அப்பா நாராயணப்பாவை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒரு தடவ நேர்ல பார்த்துட்டு முடிவு சொல்றன்னுட்டாரு" என்றாள். "ஞாயித்துக்கெழம வர்றோம். தயவு செஞ்சு அதிகமா பேசாத முனிராஜு. நீ வாயத் தொறக்காம இருந்தாவே பாதி சம்மதம் வந்துரும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் நான் செய்ததுதான் சோகம்.

அந்த வாரம் ஓசூருக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்திறங்கியிருந்தது. கோல்ஃப் ஆட்டத்தை வைத்து ஒரு காதல் நகைச்சுவைப் படம். பணக்கார வீட்டுப் பெண் கோல்ஃப் ஆடுவாள். அவளுடைய பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடக்கிற ஏழைப் பையன் அவளைக் காதலிப்பான். பெங்களூரில் நிஜமான மைதானம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. தளி ரோட்டில் ஒரு லேஅவுட்காரர் வில்லா விற்பதற்காக வளர்த்து வைத்திருந்த புல்வெளியில் கொடி நட்டு, குழி தோண்டி, அதையே கோல்ஃப் மைதானம் என்று ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த புரொடக்ஷன் மேனேஜர், நான் ஒரு அரிசி மூட்டையைத் தோளில் தூக்கி உள்ளே வைத்ததைப் பார்த்தார். "தம்பி, கேடியா நடிக்கிறியா?" என்றார். வில்லன் வேடம் என்று நினைத்து நான் அங்கேயே கண்ணை உருட்டி முறைத்துக் காட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். கோல்ஃப் ஆடுகிறவர்களின் குச்சிகளைப் பையோடு சுமந்துகொண்டு கூடவே நடக்கிற ஆளுக்கு இங்கிலீஷில் கேடி என்று பெயராம். நாயகிக்கு முதலில் இருக்கும் கேடி ஒரு மக்கு. மூன்றாவது சீனில் அவனைத் துரத்திவிடுவார்கள், பிறகு நாயகன் வருவான். அந்த மக்குதான் நான். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தோளைத்தான் பார்த்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கே முகத்துக்கு ஃபேஷியல் செய்துகொண்டேன்.

அந்த வயதில் எனக்கு ஒரு வியாதி உண்டு. எனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், அந்த நிமிடமே அது உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பேன். ஆகவே கேடி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

ஷூட்டிங்கும் அதே ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் புத்தியுள்ளவன் வேடத்தை விட்டிருப்பான். எனக்கோ வேறு யோசனை. மாமனார் என்னை ஒரு ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துப் பார்ப்பதைவிட, கேமராவுக்கு முன்னால், பச்சைப் புல்லில், நாயகிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? பிரமீளாவுக்கு போன் செய்து, "ரூம் வேணாம், தளி ரோட்டுக்கு வந்துருங்க. ஒரு ஆச்சரியம் வெச்சிருக்கறன்" என்றேன்.

"எனக்கு பயமா இருக்குது" என்றாள். நான் சிரித்தேன்.

அவர்கள் வந்து இறங்கிய நேரத்தில் எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று போட்ட உடுப்பு நாளைக்கும் அச்சாக அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக, துணை நடிகர்களை நிற்கவைத்துப் படம் பிடித்து வைத்துக்கொள்வார்களாம். ஆறு பேர் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு சிலேட்டு. என்னுடையதில் சாக்பீஸால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: கேடி 3, முனிராஜ். நேராக ஒரு போட்டோ, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த போலீஸ்காரர் பக்கத்திலேயே தடியோடு நின்றிருந்தார்.

நாராயணப்பா வெள்ளை வேட்டியில், கையில் ஒரு துணிப்பையோடு நின்று என்னைப் பார்த்தார். பையில் மாம்பழம். பின்னால் பிரமீளா. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"வாங்க மாமா!" என்றேன். (இன்னும் சம்மதமே சொல்லாதவரை மாமா என்று கூப்பிட்டது அன்றைய தப்புகளில் மிகச் சின்னது.) சிலேட்டைக் கீழே வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"இதென்னாப்பா?" என்றார்.

"நான்தாங்க மூணாம் நம்பர் கேடி."

"கேடியா?"

"ஆமாங்க. ஹீரோயினோட கேடி. அவங்க எங்க போனாலும் பின்னாலயே போவன்."

"அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாதா?"

"திட்டுவாங்க மாமா. அப்பறம் வெரட்டி வுட்ருவாங்க. ஆனா மொத மூணு சீன் நான்தான்."

பிரமீளா அவருக்குப் பின்னாலிருந்து வாயை மூடு என்று சைகை காட்டினாள். அவள் என்னை வாழ்த்துவதாக நினைத்துத் தலையாட்டினேன்.

"உங்க ஊட்ல தெரியுமா?"

"எங்கம்மா ஊரு பூரா சொல்லிட்டு வந்துட்டாங்க!"

"இதுக்கு முன்னால?"

"இதுதாங்க மொத தடவ. நல்லா பண்ணா அடுத்த படத்துலயும் கேடியாவே போட்டுக்கறன்னு சொல்லியிருக்காங்க."

அவர் என் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து உதவி இயக்குநர் மைக்கில் கத்தினார்: "அந்த மூணாம் நம்பர் கேடி எங்கப்பா? காலைலேர்ந்து நாலு தடவ சொதப்பிட்டான்! இழுத்துட்டு வாங்க!" இரண்டு பேர் வந்து சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு, குச்சிகள் நிறைந்த அந்தப் பெரிய பையை என் தோளில் மாட்டினார்கள்.

நாராயணப்பா திரும்பினார். "பதம்மா" என்றார் மகளிடம். தெலுங்கில் அதற்கு, வா, கிளம்பலாம் என்று அர்த்தம். மாம்பழப் பையைக் கொடுக்கவில்லை.

ஏதோ தப்பாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை. அவர்கள் ரோட்டுக்குப் போய் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்கள். நான் ஓடினேன். தோளில் பை, கையில் ஒரு நீளக் குச்சி. "மாமா, நில்லுங்க! மாமா!" பின்னால் மைக் அலறியது. "கேடி ஓடறான்! ஸ்டிக்கோட ஓடறான்! புடிங்க அவன!" பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஜனங்கள் பயந்து சிதறினார்கள். போலீஸ்காரர் மட்டும் தன் கடமையைச் செய்தார். பஸ் படியில் நான் ஒரு காலை வைத்தபோது என் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இறக்கினார். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாக நாராயணப்பா அதைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. அழுதுவிடுவார் போல இருந்தார். அதுதான் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் கம்பெனியில் பிரமீளா சொன்னாள். அவளுடைய சித்தப்பா சீனப்பாவுக்குச் சின்ன வயதில் ஒருவர் இரண்டு மூட்டையைக் கொடுத்து, ஆந்திரா பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்றிருக்கிறார். அவரும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். மூட்டைக்குள் இருந்தது யார் யார் கிணற்றிலிருந்தோ கழற்றிய மோட்டார் காயில்கள். கேஸ் நிற்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் கையில் சிலேட்டைக் கொடுத்து, நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து, பெயரை கேடி லிஸ்டில் சேர்த்துவிட்டார்கள். திருவிழா வந்தால் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ஊரில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் அவர்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். கடைசியில் அவர் கோலார் பக்கம் போய்விட்டார். நல்லது கெட்டதுக்குக்கூட வருவதில்லை.

"சினிமான்னு அவருக்குத் தெரியும்" என்றாள். "ஆனா சினிமாவுக்குக்கூட அந்த வேசம் போட்டுட்டு நிக்கறவன் நம்ம ஊட்டுக்கு வேணாம்னுட்டாரு. சிரிச்சிக்கிட்டே நின்னியே, பாவி!"

அன்று சாயந்திரமே போன் போட்டேன். "ஐயா, நீங்க நெனைக்கற கேடி இல்லீங்க. இது இங்கிலீஷ் வார்த்தைங்க."

"அதுவும் இங்கிலீசுதாம்ப்பா" என்றார் அமைதியாக. "கே, டி. ஸ்டேஷன் நோட்டுல ரெண்டே எழுத்து." வைத்துவிட்டார்.

ஒன்றரை வருடம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். அவளுக்கு மாப்பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருவராக வேண்டாம் என்றாள். ஓசூரில் வீடு உள்ள ஒருவரை அப்பா பிடிவாதமாகச் சொல்ல ஆரம்பித்தபோது அவளுக்கே தெம்பு குறைந்துவிட்டது. ராத்திரி சாப்பாடு இறங்காமல் நான் எட்டு கிலோ இளைத்தேன். ஒரு வார்த்தைக்காக ஒரு வாழ்க்கை போகிறதே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அந்தச் சமயத்தில் படம் வெளிவந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு வாரம்கூட ஓடாது என்று பேசிக்கொண்டார்கள். பிரமீளா அப்பாவிடம் போய் நின்றாள். "அவன் என்ன வேசம் போட்டான்னு ஒரு தடவ பாருங்க. அப்பறம் நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டறன்" என்றிருக்கிறாள்.

மத்தியான ஆட்டம். முப்பது பேர்கூட இல்லை. நான் நான்கு வரிசை பின்னால் ஒளிந்து உட்கார்ந்து, பாதி நேரம் திரையையும் பாதி நேரம் நாராயணப்பாவின் பின்னந்தலையையும் பார்த்தேன். என் சீன் வந்தது. நாயகி திட்டினாள். திட்டு வாங்கும் இடத்தில் ஒரு பையும் ஒரு முழங்கையும் தெரிந்தன. அவ்வளவுதான், அடுத்த சீன் வந்துவிட்டது. பிறகு நாயகன் பையைத் தூக்கினான். அவள் பந்தைக் குளத்தில் அடித்தாள், அவன் திட்டு வாங்கினான். அவள் தோற்றாள், அவன் திட்டு வாங்கினான். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்கு முன்னால் இருந்த அந்தத் தலை மட்டும் அசையவே இல்லை. பெயர்கள் ஓடி முடிந்து விளக்குப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

வண்டி ஸ்டாண்டில் அவரிடம் மாட்டிக்கொண்டேன்.

"ஏமய்யா" என்றார். "படத்துல உன்னக் காணமே."

"அந்த முழங்கை என்னுதுங்க."

"கேடின்னா இதுதானா? மூட்ட தூக்கறவனா?"

"ஆமாங்க."

"அடிக்கறது ஒருத்தரு. தப்பாப் போனா வாங்கிக் கட்டிக்கறது இவனா?"

"ஆமாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வை இல்லை. "எங்க சீனனும் இதத்தாம்ப்பா பண்ணான். அடுத்தவன் மூட்டையத் தூக்கினான். உள்ள என்ன இருக்குதுன்னு கேக்கல. ஊரு ஒரு பேரு வெச்சுச்சு, நானும் அதயே நம்பிட்டன். அப்பல்லாம் கோலார்லேர்ந்து வந்தான்னா வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்புவன். கூடப் பொறந்தவன, ஒரு வாய் சோறு போடாம."

பிரமீளா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைத்தேன்.

"சீனன் வந்தாத்தான் கல்யாணம்" என்றார். "நானே போய்க் கூட்டியாறன்." மறுநாள் காலையில் கோலார் பஸ் ஏறினார். அண்ணனும் தம்பியும் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே சித்தப்பா வந்துவிட்டார்.

பத்து வருடம் ஆகிவிட்டது. நான் எங்காவது கொஞ்சம் வேகமாக நடந்தாலே என் மகள் "கேடி ஓடறான், புடிங்க!" என்று கத்துகிறாள். விருந்தாளிகள் வந்தால் அந்த பஸ் படி சீனை நடித்தும் காட்டுகிறாள். மாமனாருக்கு நான் மரியாதையாக கேடிகாரு. மாங்காய்க் காலத்தில் தோப்புக்குப் போனால், பெட்டிகள் நிரம்பி, வண்டிக்குத் தூக்க வேண்டிய நேரம் வந்ததும் அவர் மரத்தடியிலிருந்து குரல் கொடுப்பார்: "கேடிகாரு, இட்ல ரண்டி!" இந்தப் பக்கம் வாங்க என்று.

இரண்டு பேர் எழுந்திருப்போம். சித்தப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. ஆனாலும் என்னை முந்திக்கொண்டு, "வஸ்தானன்னா!", இதோ வர்றன் அண்ணா என்று எழுந்து போகிறவர் அவர்தான்.