பிரீ டெலிவரி

புதுக் கார் வாங்கும்போது காரைத் தயார்செய்து கொடுக்கக் கடைக்காரர்கள் கேட்ட கட்டணத்தில் ஒரு காசுகூடக் கொடுக்காமல் சாவியை வாங்கி வந்த ஆள், ஈப்போவிலேயே நான் ஒருவன்தான்.

பொய். முழுசாகக் கொடுத்தேன். அறுநூறு மலேசிய வெள்ளி. அதுவும் வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பிறகு, நானே வாயைத் திறந்து மாட்டிக்கொண்டு கொடுத்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. இந்த உலகத்தில் காருக்குப் பிரசவம் பார்த்த ஒரே மனிதரைப் பற்றி. எங்கள் டிரெசரைப் பற்றி.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, புண் கழுவி, மருந்து ஊற்றிக் கொடுப்பவரை டிரெசர் என்போம். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். லகாட் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அவரிடம் இருந்தது ஒரே மருந்து. இளஞ்சிவப்பு நிறத்தில், பெரிய பாட்டிலில். தலைவலிக்கு அதுதான். வயிற்றுப்போக்குக்கு அதுதான். மலச்சிக்கலுக்கும் அதேதான்.

"என்னங்கையா, ரெண்டுக்கும் ஒரே மருந்தா?" என்று யாராவது கேட்டால், "எங்க போவணும்னு மருந்துக்குத் தெரியும். நீ வாயத் தொற" என்பார்.

பிரசவம் பார்க்கத் தனியாக ஒரு மிட்வைப் உண்டு. அந்த அம்மா இருந்தது பக்கத்துத் தோட்டத்தில். சைக்கிளை மிதித்து அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளை வந்துவிடும். அதனால் இருபத்திரண்டு வருசமாகத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் டிரெசர் கையில்தான் விழுந்தன.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நாங்கள் ஈப்போவில் அடுக்குமாடிக்கு வந்தோம். நான் நாலாவது மாடி, டிரெசர் மூன்றாவது மாடி. அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. வேலை போனாலும் ஸ்டெதஸ்கோப் அவர் பையை விட்டுப் போகவில்லை. காலைச் சந்தையில் தர்ப்பூசணிப் பழத்தின் மேல் அதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். "இது சரியில்ல. அடுத்தத கொண்டா." பழக்காரச் சீனர் முதலில் திட்டினார். பிறகு கூட்டம் சேருவதைப் பார்த்துவிட்டு, டிரெசர் வந்ததும் நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தார்.

யாரைப் பார்த்தாலும் "நாக்க நீட்டு" என்பார். ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையை நாக்கை நீட்டச் சொன்னார். அவனும் சபையில் நீட்டினான். பெண் வீட்டார் மிரண்டு போனார்கள். "பையன் நல்ல பையன், சொன்னதக் கேக்குறான், கட்டிக் குடுங்க" என்று டிரெசர் முடித்து வைத்தார்.

இப்போது கார் கதைக்கு வருகிறேன்.

நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து, மனைவி சரசு சம்பளத்தில் சாப்பிட்டேன். சாப்பாட்டில் உப்பு போட மறந்தால்கூட எனக்குக் கேட்க உரிமை இல்லாத காலம். அப்போது தாப்பாவில் ஒரு கம்பெனி, ஈப்போவிலிருந்து தினமும் நான்கு ஊழியர்களை ஏற்றி இறக்க ஆள் தேடியது. சொந்தக் கார் வேண்டும். அதுவும் புதுக் காராக இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை காரோடு வந்து நில், இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். பேங்கும் எனக்குக் கடன் கொடுத்தது. அந்தப் பேங்குக்கு என்ன ஆயிற்றோ என்று எனக்கு இன்றைக்கும் கவலைதான்.

வெள்ளிக்கிழமை காலை டிரெசரையும் கூட்டிக்கொண்டு கார்க் கடைக்குப் போனேன். காரணம், பத்திரமெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப் பள்ளிக்கு முன்னால் மலாய் பழக ஒரு வருசம் உட்கார வைக்கும் ரிமூவ் கிளாசுக்குப் போனவன். பெயருக்கு ஏற்ற மாதிரி அங்கே என்னை ரிமூவ் செய்துவிட்டார்கள்.

எங்களைக் கவனித்தவன் சிவா என்ற இளம் விற்பனையாளன்.

"அண்ணே, சைன் பண்ணிட்டு காடிய எடுத்துட்டுப் போயிருங்கலா. வெள்ள கலர்ல இது ஒண்ணுதான் ஸ்டாக் இருக்கு. பாகான் செராய் கஸ்டமர் ஒருத்தரு காலையிலேருந்து போன் அடிச்சிக்கிட்டே இருக்காரு. பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கலன்னா மேடம் அவருக்குத் தள்ளி விட்டுருவாங்க."

மணி பத்தரை. நான் பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் தாளில் ஒரு வரி கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"என்னா தம்பி, பிரீ டெலிவரின்னு போட்டுட்டு பக்கத்துல அறநூறு வெள்ளின்னு போட்டிருக்கீங்க? பிரீன்னா பிரீதான?"

டிரெசர் தாளைப் பிடுங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"மடப்பயலே! அது ஃப்ரீ இல்லடா, ப்ரீ. ஃப்ரீன்னா மேல் பல்ல கீழ் ஒதட்டுல வச்சி காத்து விடணும். ப்ரீன்னா ஒதட்ட மூடித் தொறக்கணும். எங்க சொல்லு."

"பிரீ."

"ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருக்கு உன் வாயில! ப்ரீன்னா முன்னாடி. டெலிவரிக்கு முன்னாடி செக்கப்…"

பாதியில் நின்றார். முகம் மாறியது. பைக்குள் கைவிட்டு ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டினார்.

"டெலிவரிக்கு முன்னாடி செக்கப்னு போட்டிருக்கு. யாரு பாத்தா? ரிப்போர்ட் எங்க?"

"அங்கிள், அது பின்னால வொர்க்ஷாப்ல ஆளுங்க பாத்துருவாங்க. கழுவி, வேக்ஸ் அடிச்சி, எல்லாம் செட் பண்ணிக் குடுக்கறதுக்குத்தான் அந்த சார்ஜ்."

"எத்தன டெலிவரி பாத்திருக்கான் உன் ஆளு?"

"ஐயா, கச்சாவ் பண்ணிக் கெடுத்துறாதீங்கையா," என்று அவர் காதில் கெஞ்சினேன். "காடி போச்சின்னா திங்கக்கெழம வேல போச்சி. சரசு என்னையும் ரிமூவ் பண்ணிருவா."

"நீ சும்மா இரு. தம்பி, நாக்க நீட்டு."

சிவா ஏனென்று தெரியாமலே நீட்டினான்.

"தண்ணியே குடிக்கறதில்ல. வெறும் கோப்பியா குடிக்கிற."

"எப்படி அங்கிள் தெரியும்?" சிவா அரண்டு போய் உள்ளே ஓடி மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜர் ஒரு சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். இனி அவர்கள் இருவரும் பேசியது மலாயில். நான் தமிழில் சொல்கிறேன். டெலிவரி என்ற சொல் மட்டும் இரண்டு பக்கமும் டெலிவரிதான்.

"நான் இருவத்தி ரெண்டு வருசம் டெலிவரி பாத்தவன்," என்றார் டிரெசர்.

மேனேஜரின் முகத்தில் மரியாதை வந்துவிட்டது. "அப்படியா? எந்த பிராஞ்ச்?"

"லகாட்."

"லகாட்ல பிராஞ்ச் இருந்துச்சா! மாசம் எத்தன போகும்?"

"மூணு, நாலு. அடை மழை பேஞ்சி பால் வெட்டு இல்லாம ஆளுங்க வீட்டுல இருந்தாங்கன்னா, ஒம்பது மாசம் கழிச்சி ஏழெட்டு."

மேனேஜர் இதைக் கொஞ்சம் யோசித்தார். மழைக்கும் விற்பனைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது, தனக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை என்பது போலத் தலையாட்டினார்.

"பிரிப்பரேசனுக்கு என்ன செய்வீங்க?"

"சுடுதண்ணி. சுத்தமான துணி. அவ்வளவுதான்."

"வேக்ஸ் கிடையாதா?"

"எதுக்கு? வரும்போதே பளபளன்னுதான் வரும்."

"கம்ப்ளெய்ண்ட் வந்ததே இல்லையா?"

"வெளிய வந்ததும் கத்தும். கத்துனாத்தான் நல்லது. கத்தலன்னா தலகீழாப் புடிச்சி ஒரு தட்டு தட்டுவேன்."

"சார்ஜ் எவ்வளவு?"

"ஒரு காசு வாங்கினதில்ல."

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். இப்படி ஒரு மனிதர் தன் தொழிலில் இருந்திருக்கிறார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பேனாவை எடுத்தார். அறுநூறு வெள்ளியின் மேல் ஒரு கோடு போட்டார். "நம்ம தொழில்காரர். உங்ககிட்ட நாங்க வாங்கக்கூடாது," என்றார்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து நான் செய்யாத ஒன்றை அன்றைக்கு மட்டும் எப்படிச் செய்வேன்? சந்தோசம் தாங்காமல் சொன்னேன்:

"மேடம், என்னையே டெலிவரி பண்ணவரு இவருதான்!"

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னையா? நீ எந்த வருசத்து மாடல்?"

"ரொம்பப் பழைய மாடல் மேடம். எங்கம்மா வயித்துலேருந்து…" என்று கையால் வேறு வயிற்றை வரைந்து காட்டித் தொலைத்தேன்.

மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, கோடு போட்ட இடத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் அறுநூறு என்று எழுதினார். தள்ளுபடி தொழில்காரர்களுக்கு மட்டும்தானாம்.

கட்டினேன். ரசீதும் வாங்கினேன். மணி பதினொன்றே கால். கிளம்பலாம் என்று பார்த்தால் டிரெசர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"காசு கட்டியாச்சில்ல? இப்ப செக்கப்பக் காட்டு. ஃப்ரீயா குடுத்திருந்தா நான் கேக்க முடியாது. காசு வாங்கிட்டீங்க, கேப்பேன்."

எல்லாரும் பின்கட்டுக்குப் போனோம். கார் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மேலே விரல் கனத்துக்குத் தூசி, நடுவில் காக்கை எச்சம். சிவா கையிலிருந்த தாளில் கழுவியாச்சு, வேக்ஸ் அடிச்சாச்சு, சோதித்தாச்சு என்று எல்லாக் கட்டத்திலும் அழகாக டிக் இருந்தது. சிவா கைப்பேசி அடித்தது. பாகான் செராய்.

"ஐயா, தூசிதான, நான் வீட்டுல கழுவிக்கிறேன். வாங்கய்யா போலாம்."

அவர் காதிலேயே வாங்கவில்லை. இன்ஜினை ஓட விட்டு, முன் மூடியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார். "மூச்சு சரியா இருக்கு," என்றார். எனக்கும் மூச்சு வந்தது. அப்புறம் சக்கரத்தின் பக்கத்தில் கஷ்டப்பட்டுக் குந்தி, விரலால் தொட்டுத் தொட்டு ஏதோ எண்ண ஆரம்பித்தார்.

"அங்கிள், என்ன எண்ணுறீங்க?"

"வெரலு. பிள்ள பொறந்ததும் மொதல்ல கை வெரலு, கால் வெரலு எண்ணணும். எண்ணிட்டுத்தான் தாயி கையில குடுக்கணும். இந்தா நிக்கிறானே, இவனுக்கும் எண்ணித்தான் குடுத்தேன். அறிவு இருக்கான்னு எண்ணிப் பாக்காம விட்டுட்டேன்."

ஒரு சக்கரத்துக்கு நான்கு நட்டு. நான்கு, எட்டு, பன்னிரண்டு. பின்பக்கத்து இடது சக்கரத்தில் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"பதினாறு இருக்கணும். பதினஞ்சுதான் இருக்கு."

வொர்க்ஷாப்காரர் ஓடி வந்து பார்த்தார். மிச்சமிருந்த மூன்று நட்டில் ஒன்றைக் கையாலேயே சுற்ற முடிந்தது. அவசரத்துக்கு யாரோ கழற்றி வேறு காருக்கு மாட்டியிருக்கிறார்கள், மாட்டியவர் திரும்ப வைக்க மறந்திருக்கிறார். அந்தச் சக்கரத்தை நம்பித்தான் நான் திங்கட்கிழமை நான்கு பேரோடு நெடுஞ்சாலையில் தாப்பாவுக்குப் போக இருந்தேன்.

சிவாவின் கைப்பேசி மறுபடியும் அடித்தது. மேனேஜர் அதை வாங்கி, "அந்த காடி வித்துப் போச்சு," என்று ஒரே வார்த்தையில் முடித்தார். பிறகு டிரெசரிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு அறுநூறைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் கையை நீட்டிவிட்டேன்.

டிரெசர் என் கையைத் தட்டிவிட்டார். "வேணாம்மா. வச்சிக்குங்க. இனிமேத்தான வேலையே நடக்கப் போவுது."

அது அவர் காசா? என் காசு!

ரெண்டரை மணி நேரம் வேலை நடந்தது. டிரெசர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுடுதண்ணீர் கேட்டார், சுத்தமான துணி கேட்டார், ஒவ்வொரு டிக்கையும் அடித்துவிட்டு மறுபடியும் போட வைத்தார். கடைசியில் மேனேஜர் அவருக்குக் கோப்பி கொண்டு வந்து கொடுத்து, யாரும் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினார்.

திங்கட்கிழமை பதினாறு நட்டோடு தாப்பாவில் போய் நின்றேன். அந்த வேலையில்தான் இன்னமும் இருக்கிறேன். உப்பு குறைந்தால் இப்போது கேட்கிறேன், மெதுவாக.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை. பெரிய கூத்து நம்பர் பிளேட் மாட்டும்போதுதான் நடந்தது. துளை போட டிரில்லை எடுத்ததும் டிரெசர் பாய்ந்து போய், "மொதல்ல மரத்துப் போற ஊசி போட்டியா?" என்று கேட்டு, பையைத் திறந்து…

கீழே ஹாரன் அடிக்கிறது. ஒன்று, இரண்டு, விடாமல் மூன்று.

"டேய் மணியம்! இன்னும் என்னடா எழுதிக்கிட்டு இருக்க? எனக்கு செக்கப்புக்கு நேரமாச்சிடா!"

"இந்தா வாரேங்கையா!"

மாதா மாதம் அவரை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு நெஞ்சைக் காட்டக் கூட்டிப் போகிறேன். இந்நேரம் காரைச் சுற்றி வந்து பதினாறையும் எண்ணி முடித்திருப்பார். திரும்பி வந்து இறங்கும்போது இருபது வெள்ளியை நீட்டுவார். வாங்க மாட்டேன். "ஏன்டா?" என்பார். "பிரீ டெலிவரிங்கையா" என்பேன்.

அப்போது மட்டும் அவர் என் உச்சரிப்பைத் திருத்துவதில்லை.