ரெண்டு டீச்சரும் அச்சன்புதூர் ஆணியும்

தென்காசியில் எதையுமே தொலைக்காமல் வாழ்ந்த ஒரே மனுஷி எங்கள் வீட்டுக்கார அம்மாள்தான். தொலைக்கத் தெரியாது என்பதில்லை. ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று தயாராக நிற்கும். ஒரே பையில் ரெண்டு குடை வைத்திருப்பார். செருப்பு எப்போதும் இடது காலில்தான் அறுகிறது என்று கண்டுபிடித்து, கைப்பையில் இடது கால் செருப்பை மட்டும் உபரியாகச் சுமந்துகொண்டு திரிவார். மஸ்கட்டில் இருந்த தம்பிக்குக் கடிதம் எழுதினால், அதையே இன்னொரு முறை எழுதி, ஒன்றைத் தென்காசியிலும் மற்றதைக் குற்றாலத்திலும் தபாலில் சேர்ப்பார். ரெண்டுக்கும் பதில் போடாவிட்டால் தம்பிக்கு வசவு நிச்சயம்.

பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊரே அவரை 'ரெண்டு டீச்சர்' என்றது. குற்றாலம் ரோட்டில் இருந்த அவர் வீட்டு மாடியில்தான், எண்பதுகளின் கடைசியில், வேளாண்மை ஆபீஸ் குமாஸ்தாவாக நான் குடியிருந்தேன்.

அவர் கணவர் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். எல்லாருக்கும் பாட்டனி சார். குற்றாலம் மலையில் முளைக்கும் பெரணிச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவர் டாக்டர் பட்டம் வாங்குவதற்குள் மலையே தேய்ந்துவிடும் என்று கல்லூரியில் கேலி பேசுவார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் மஸ்கட் தம்பி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். தெருவே வந்து பார்த்தது. சார் தன் ஆராய்ச்சி முழுவதையும் அதில் அடிக்கப் போவதாக அறிவித்தார். டீச்சர் அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி:

"இதுக்குள்ள இருக்கதெல்லாம் ஒருநா போச்சுன்னா என்னலே செய்ய?"

"போகாதுக்கா."

"போகாதுன்னா சொல்லுத? அப்ப நிச்சயம் போகும்."

பெட்டிக்குள் இருப்பதைப் பிரதி எடுத்து வைப்பதற்கென்றே தனி புரோகிராம்கள் உண்டு என்று தம்பி விளக்கினார். பிரதிகளை ஃப்ளாப்பியில் வைக்க வேண்டும். அந்தக் காலத்து ஃப்ளாப்பி அப்பளத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பாக, சதுரமாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும்.

மூன்று புரோகிராம்கள் கிடைத்தன. ஒன்று திருநெல்வேலிக் கடையிலிருந்து, ஒன்று திருவனந்தபுரத்து நண்பரிடமிருந்து, ஒன்று கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. மற்றவர்கள் எது சுலபம் என்று பார்ப்பார்கள். டீச்சர் மூன்றுக்கும் பரீட்சை வைத்தார்.

முதலில் திருநெல்வேலிச் சரக்கு. கடைக்காரரே டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். திரையில் கலர் கலராகக் கோடு ஓடியது. பிரதி எடுத்து முடிந்ததும் பெட்டி ஒரு பாட்டுகூடப் பாடியது. கடைக்காரர் பெருமையோடு திரும்பிப் பார்ப்பதற்குள், டீச்சர் ஒரு பட்டனைத் தட்டி, தான் அடித்து வைத்திருந்த கணக்கு வினாத்தாள்களைக் கூண்டோடு அழித்துவிட்டார்.

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "என்னம்மா இது! வாங்குத அன்னைக்கே அழிச்சா எப்படி?"

"பின்ன, அழிஞ்ச அன்னைக்கா வாங்கிப் பாக்கது? திருப்பித் தரச் சொல்லுங்க."

பெட்டி முழுவதையும் பிரதி எடுத்திருந்த புரோகிராம் ஒவ்வொரு ஃப்ளாப்பியாக வரிசையில் கேட்டது. ஐந்தாவதில் முக்கியது, முனகியது, நின்றது. அதன் பிறகு எதையுமே தர மாட்டேன் என்றுவிட்டது.

"அஞ்சாவது பிள்ளை லீவுன்னா மத்த பிள்ளைகளுக்கும் லீவா?" என்றார் டீச்சர். கடைக்காரர் காப்பியைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். டீச்சர் பழைய கையெழுத்துத் தாளை எடுத்து, வினாக்களை அலுக்காமல் மறுபடி அடித்தார்.

திருவனந்தபுரத்துப் புரோகிராம் படு வேகம். கேட்டதையெல்லாம் திருப்பித் தந்தது. கேட்காததையும் தந்தது. அன்று காலை திருத்தி வைத்த வினாத்தாளின் தலையில் போன வாரத்துப் பழசைக் கொண்டுவந்து கொட்டியது. "கேக்காம கொள்ளாம உள்ள வருதான். இவன் நமக்கு வேண்டாம்" என்று அதையும் தள்ளினார்.

மூன்றாவது, கம்ப்யூட்டரோடு வந்த அழகில்லாத புரோகிராம். கலர் இல்லை, பாட்டு இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக வைத்து, 'இது ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது. சாருக்குப் பொறுமை போய்விட்டது. "இதுக்கு நானே கையால எழுதிருவேனே!"

"மந்தப் பிள்ளைதான். ஆனா கேட்டதைச் சரியாச் சொல்லுதுல்லா? ஒரு ஃப்ளாப்பி கெட்டாலும் அடுத்தது பேசுது." அதற்கே முதல் மார்க்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பிரதி எடுக்கும் சடங்கு நடந்தது. ஆராய்ச்சி பாதிப் பாதியாக அடங்கிய ஒரு ஜோடி ஃப்ளாப்பி வீட்டு டிரங்குப் பெட்டிக்குப் போகும். இன்னொரு ஜோடி, தெரிந்த கண்டக்டர் ஒருவர் கையில், அச்சன்புதூரில் இருந்த டீச்சரின் அக்கா வீட்டுக்குப் போகும். அங்கிருந்து பழைய ஜோடி திரும்பி வரும். "வீட்டுல தீப்பிடிச்சா?" என்பார். சார் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அடுத்த சாரல் சீசனில், ஒரு நாள் மத்தியானம், சார் மாடியேறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, ஒரு புது ஃப்ளாப்பியைச் சுத்தம் பண்ணலாம்னு நெனச்சேன். அது ஏதோ கேட்டுச்சு. சரின்னு தட்டிட்டேன். மறுபடி நிச்சயமாவான்னு கேட்டுச்சு. அதுக்கும் சரின்னுட்டேன். இப்ப பெட்டியில ஒண்ணுமே இல்ல."

ஃப்ளாப்பிக்குப் பதிலாகப் பெட்டியையே துடைத்துவிட்டிருந்தார். ஆராய்ச்சியை அச்செடுத்துக் கொடுக்க வேண்டிய மாதம் அது. இந்த வருஷமும் தவறினால் பதிவே ரத்தாகிவிடும்.

"டீச்சர்ட்ட நீங்க சொல்லுதியளா?" என்று கேட்டார். நாங்கள் ரெண்டு பேருமாகத்தான் போய்ச் சொன்னோம்.

டீச்சர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைக் கீழே வைத்தார். "நீங்க சாப்பிட்டியளா?" என்று மட்டும் சாரைக் கேட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஃப்ளாப்பிகள் மேல் வெள்ளை வெளேரென்று பூசணம். குற்றாலத்துச் சாரல் பெட்டிக்குள் புகுந்து குடும்பம் நடத்தியிருந்தது. சார் குனிந்து பார்த்தார். அவ்வளவு துக்கத்திலும் வாத்தியார் புத்தி போகவில்லை. "ஆஸ்பர்ஜில்லஸ்" என்று அந்தப் பூசணத்தின் தாவரவியல் பெயரை மெதுவாகச் சொன்னார்.

அச்சன்புதூருக்கு டீச்சரோடு நானும் பஸ் ஏறினேன். ஃப்ளாப்பி எங்கே என்று வாசலிலேயே அக்காவிடம் கேட்டார் டீச்சர்.

"அதையா கேக்க?" என்ற அக்கா எங்களை அடுக்களைக்குக் கூட்டிப்போனார். விறகடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி. அதில் கரண்ட் பில்லுக்கும் பால் சீட்டுக்கும் நடுவே, ஓட்டை வழியாக மாட்டப்பட்டு, ரெண்டு ஃப்ளாப்பிகளும் தொங்கின.

"நடுவுல ஓட்டை போட்டுத்தானட்டி குடுத்துவிடுத? மாட்டுததுக்குன்னுல்லா நெனச்சேன்!"

டீச்சர் அவற்றை மெல்லக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் புகை படிந்திருந்தது. ஆனால் அடுப்புச் சூட்டில் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. பூசணம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளாப்பியை என்னிடம் கொடுத்தார். "தம்பி, நீங்க அடுத்த பஸ்ல வாங்க. ரெண்டும் ஒரே பஸ்ல போகப்படாது."

"ஒண்ணு போனா பாதி ஆராய்ச்சி போயிருமே டீச்சர்?"

"பாதியாவது மிஞ்சும்லா."

வாதாட முடியுமா? அடுத்த பஸ்ஸில், சட்டைக்குள் ஃப்ளாப்பியை அணைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்காரி மாதிரி வந்து சேர்ந்தேன்.

வீட்டில் டீச்சர் கம்ப்யூட்டரோடு வந்த புரோகிராமை மறுபடி ஏற்றிவிட்டு, முதல் ஃப்ளாப்பியைச் செருகினார். கர்ரென்றது, நின்றது. படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. சார் எழுந்து வெளியே போய்விட்டார். டீச்சர் ஃப்ளாப்பியை எடுத்தார், முந்தானையால் ஓரத்தைத் துடைத்தார், மறுபடி செருகினார். முதல் அத்தியாயம் வந்தது. அப்புறம் ரெண்டாவது. அந்த மந்தப் பிள்ளை ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வைத்தது. அன்றைக்கு அதைப் போல அழகான புரோகிராம் உலகத்தில் எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் பெரணிச் செடிகளும் திரும்பி வந்துவிட்டன. "ஏங்க, உள்ள வாங்க" என்றார் டீச்சர். சார் வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியால் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அந்த மாதமே ஆராய்ச்சியைக் கொடுத்தார், பிறகு பட்டமும் வாங்கினார்.

ஆனால் நான் நினைத்துக்கொள்வது அன்றைய சாயங்காலத்தை. சார் விஷயத்தைச் சொல்லக் கல்லூரி நண்பர் வீட்டுக்குப் போயிருந்தார். டீச்சர் எனக்குக் காப்பி கொண்டுவந்தார். டம்ளர் டவராவில் கடகடவென்று அடித்துக்கொண்டது.

"என்ன டீச்சர், கை இப்படி நடுங்குது? உங்களுக்குப் பயமே கிடையாதுன்னுல்லா நெனச்சேன்."

"பயந்துகிட்டுத்தான் தம்பி எல்லாத்தையும் ரெண்டா வைக்கேன்" என்றார். "இவுக அழுதா என்னால தாங்க முடியாது."

காப்பி எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்தக் கை நிற்கும்வரை நான் மாடிக்குப் போகவில்லை.