பிரிக்பீல்ட்ஸ் அண்ணாந்தார்

அண்ணாந்தாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்தான் உங்களைப் பார்த்திருக்கமாட்டார். இந்த இனம் கோலாலம்பூரில் இப்போது வெகுவாகப் பெருகி வருகிறது. எங்கே சாரம் கட்டினாலும் அங்கே ஒருவர் முளைப்பார்: கக்கத்தில் குடை, பிடரியில் தொப்பி, அண்ணாந்து அண்ணாந்து பின்பக்கம் கசங்கிய காலர், ஆகாயத்தில் கண். கட்டடம் அவருடையதா? இல்லை. அதில் குடியேறப் போகிறாரா? முழங்கால் வலிக்காரர், சொந்த வீட்டு வாசற்படியையே முனகிக்கொண்டு ஏறுகிறவர். ஆனாலும் சிங்கப்பூரில் எத்தனை மாடி, பினாங்கில் எத்தனை மாடி என்று கேட்காமலே சொல்லி, நம் ஊர் இன்னும் தரையில் தவழ்கிறதே என்று பெருமூச்சு விட்டு, எதிரே வருகிறவரின் காலை மிதித்து, மன்னிப்பையும் மேலே பார்த்தபடியே கேட்பார்.

உதாரணத்துக்கு, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தம்புசாமி. (என் மேலதிகாரி அல்ல, சத்தியமாக அவர் வேறு.) தினமும் அவர் பசியாறுவது பிரிக்பீல்ட்ஸ் தெருவொன்றில், பக்கிரிசாமியின் காப்பிக் கடையில். கடை என்றால் ஓர் அடுப்பு, இரண்டு பெஞ்சு. கடைவீட்டு வரிசையின் முன்னால் மேல்மாடி நிழலில் ஓடுகிற அஞ்சடி நடைபாதையில் ஓர் ஓரம். வெயிலோ மழையோ, தெரு முழுவதும் அந்த அஞ்சடியில்தான் நடக்கும்.

அந்த வரிசையை இடித்து நாலு மாடி எழுப்ப ஒரு முதலாளி கிளம்பினார். அபிப்பிராயம் கேட்கத் தெருக்காரர்களைக் கூட்டினார். பக்கிரிசாமி கையைப் பிசைந்தார்.

"அஞ்சடிய அடைச்சிட்டா அடுப்ப எங்கய்யா வைப்பேன்? புள்ளகுட்டிக்காரன்."

"பயப்படாதேப்பா. கட்டடம் ஒசந்தா நீயும் ஒசருவே. மேல் மாடியில வையேன்!" என்றார் தம்புசாமி.

"காப்பி குடிக்க நீங்க ஏறி வருவீங்களா?"

"எனக்கு முழங்கால் வலி. மத்தவங்க வருவாங்க லா."

பிறகு தம்புசாமி இங்கிலீஷில் ஒரு பிரசங்கம் செய்தார். முக்கால்வாசிப் பேருக்குப் புரியவில்லை. அதனால் எல்லோரும் கை தட்டினார்கள். பலகை அடித்து அஞ்சடியை மூடினார்கள். பக்கிரிசாமியின் அடுப்பு அணைந்தது.

நாலாவது மாடி தலைகாட்டியதும் தம்புசாமி கிள்ளானிலிருந்து மைத்துனர் வாசுவை வரவழைத்து, தெருவில் நிறுத்திக் காட்டினார். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க அஞ்சடி ஏது?

"மச்சான், நனையிறோம்!"

"இரு மாப்ளே, அந்த மேல் ஜன்னலப் பாரு..." என்று ஓரடி பின்வாங்கினார். பின்னால் சாக்கடை.

தூக்கிவிட ஓடிவந்தவர், கூலி வேலை தேடி அவ்வழியே போன பக்கிரிசாமி. இடுப்பளவு தண்ணீரில் நின்ற தம்புசாமி கையை நீட்டவில்லை. முகம் மலர்ந்து சொன்னார்:

"பக்கிரி, இங்கேருந்து பாத்தா இன்னும் ஒசரமாத் தெரியுதுப்பா!"

"தெரியும்ங்க ஐயா. அடுப்பு அணைஞ்ச நாள்லேருந்து எனக்கும் அப்படித்தான் தெரியுது. கையக் குடுங்க."

சிரிக்கிறீர்களா வாசகரே? சிரியுங்கள். ஆனால் உங்கள் சட்டைக் காலரின் பின்பக்கம் மட்டும் ஏன் இப்படிக் கசங்கியிருக்கிறது? அதைத் தடவிப் பார்ப்பது அப்புறம் ஆகட்டும். முதலில் காலடியைப் பாருங்கள்.