எட்டு வாட்டில் கேட்ட குரல்

எனக்குச் சங்கீதம் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணி எது, காம்போதி எது என்று யாராவது ஆரம்பித்தால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன். ஆனால் ஒலிபெருக்கியைப் பற்றி மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவேன். எங்கள் கூட்டமே அப்படித்தான் (ஹைஃபை பைத்தியங்களைச் சொல்கிறேன்). நாங்கள் பாட்டைக் கேட்க மாட்டோம். பாடுகிறவர் பல்லவிக்கு நடுவில் மூச்சு வாங்கியது கேட்டதா, பின்வரிசையில் யாரோ செருமியது கேட்டதா என்றுதான் பார்ப்போம். செருமல் கேட்டால் ஸ்பீக்கர் பாஸ். பாட்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவர் மெஹ்ரா ஜி. அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்து, ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடாதவர். கடையில் கிடைக்கும் ஸ்பீக்கர்கள் எல்லாம் சோம்பேறிகள், நூறு வாட் கொட்டினால்தான் வாயைத் திறக்கும் என்பது அவர் கட்சி. நாம் கட்டப்போவது ஒரே வாட்டில் காலனியை எழுப்பும் ரகம் என்றார். பதினைந்து அங்குல ஸ்பீக்கர், மேலே நாகஸ்வரத்தின் வாய் மாதிரி ஒரு ஹார்ன், இரண்டையும் தாங்க ஆளுயரப் பெட்டி. அதற்குப் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு போட்ட எட்டு வாட் ஆம்ப்ளிஃபயர் போதுமாம்.

"எட்டு வாட்டா? நம்ம பாத்ரூம் பல்பே ஒன்பது வாட்டுங்க" என்றாள் என் மனைவி கோமதி. விஞ்ஞானம் தெரியாதவர்களிடம் வாதாடக் கூடாது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

தில்லி கீர்த்தி நகர் தச்சர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டு எத்தனை வைக்கட்டும் சாப், துணிக்கா பாத்திரத்துக்கா என்று கேட்டார். பெட்டிகள் வந்த அன்று எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸ் வாசலில் அவை நுழையவில்லை. கதவைக் கழற்றினோம். சோபா பால்கனிக்குப் போயிற்று. ஹாலில் ஜன்னலோரம் இருந்த அம்மாவின் கட்டில் பின்னறைக்குப் போயிற்று. அம்மா தலையணையைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். (அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை. ஹார்ன் எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தேன்.)

முதலில் வீட்டில் சும்மா கிடந்த இருநூறு வாட் ஆம்ப்ளிஃபயரை மாட்டினேன். பாட்டே போடாமல் இரண்டு பெட்டியும் குக்கர் மாதிரி சீறின. வால்யூமை மயிரிழை திருப்பியதும் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். மெஹ்ரா ஜி தலையில் அடித்துக்கொண்டார். சாதாரண ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் அழுக்கையெல்லாம் மூடி மறைத்துவிடும், இது எதையும் மறைக்காது, அதனால் ஜோடி சரியாக அமைய வேண்டும் என்று விளக்கினார். பிறகு வால்வுகளைத் தேடிப் பழைய தில்லிக் கடைகளில் இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் எட்டு வாட் ஒன்று தயாரானது. போட்டால் அப்படியொரு அமைதி. ஹாலில் பல்லி நகர்வது கேட்டது.

இவ்வளவு பெரிய திறப்பு விழாவுக்கு ஏப்பை சாப்பையான பாட்டைப் போட முடியுமா? அம்மாவின் கேசட் ஞாபகம் வந்தது.

அம்மா அம்பாசமுத்திரத்தில் எட்டு வருஷம் முறையாகப் பாட்டுக் கற்றவள். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது நாங்கள் சரோஜினி நகரில் இருந்தோம். நவராத்திரிக் கச்சேரியில் பாட ஆள் தேர்ந்தெடுக்க, விருப்பமுள்ளவர்கள் ஒரு கேசட்டில் பாடிக் கொடுங்கள் என்று காலனித் தமிழர்கள் சுற்றறிக்கை விட்டார்கள். அம்மா ஒரு மத்தியானம் டூ இன் ஒன் ரேடியோவை எதிரே வைத்துக்கொண்டு முருகன் மேல் ஒரு பாட்டுப் பாடிப் பதிவு செய்தாள். அந்தக் கேசட் வீட்டை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா பாடியும் நான் கேட்டதில்லை. அப்பாதான் தடுத்திருப்பார் என்று நானாகவே முடிவுகட்டி, அந்தக் காலத்து ஆண்கள் பெண்களின் கலையை எப்படி நசுக்கினார்கள் என்று கல்யாணப் பந்திகளில்கூடப் பேசியிருக்கிறேன். மறுத்துச் சொல்ல அப்பா உயிரோடு இல்லை.

அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. தன் குரலைக் கேட்டால் அவள் மறுபடி பாட ஆரம்பிப்பாள் என்று நம்பினேன். இதில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே அதற்கு ஆசைப்பட்டேன். தகரப்பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியிலிருந்து நான் கேசட்டை எடுத்ததைப் பார்த்துவிட்டு, "அது எதுக்குய்யா இப்பம்? வேண்டாம், உள்ள வை" என்றாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

காலை பதினொரு மணி. ஹாலின் நடுநாயகமாக அம்மா, பக்கத்தில் கோமதி, கல்லூரியில் படிக்கும் என் மகள் அனு, ஓரத்தில் ஸ்பெஷல் ஷெர்வானி போட்டுக்கொண்டு மெஹ்ரா ஜி. வீட்டு வேலைக்கு வரும் செல்வி சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். நான் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இதுவரை எந்த மெஷினிலும் கேட்காததெல்லாம் இன்றைக்குக் கேட்கப்போகிறது என்று இந்தியிலும் தமிழிலும் சொன்னேன்.

பாட்டு ஆரம்பித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என்னைவிட வயது குறைந்த அம்மா ஹாலில் வந்து நின்று பாடினாள். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரே இருந்த அம்மாவோ தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டையா கேட்டேன்? காக்கை கத்தியது, விரலால் சுட்டினேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில், அதையும் சுட்டினேன். மெஹ்ரா ஜி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

பல்லவி முடிந்து அம்மா ஒரு கணம் நிறுத்தினாள். மலிவான டூ இன் ஒன்களில் ஒரு வழக்கம் உண்டு, பாடுகிறவர் நிறுத்தினால் அது தானாகவே சுற்றியுள்ள சின்னச் சத்தங்களைப் பெரிதாக்கிப் பதிந்துகொள்ளும். அந்த இடைவெளியில் நடையிலிருந்த டெலிபோன் பக்கமிருந்து, அப்போதுதான் உடைந்த ஒரு பையன் குரல் கேட்டது. மறுமுனையில் யாரோ, பாடுவது யார் என்று விசாரித்திருக்க வேண்டும்.

"கோயி நஹீ யார். காம்வாலி ஹை, கா ரஹீ ஹை."

யாருமில்லைடா, வேலைக்காரி பாடிக்கிட்டிருக்கா. அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. என் சிரிப்பு. எட்டு வாட்டில், ஹார்ன் வழியாக, ஒரு பிசிறும் இல்லாமல்.

பிறகு அம்மா சரணத்தை எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது. சங்கீதம் தெரியாத எனக்கே தெரிந்தது.

"வாஹ்" என்றார் மெஹ்ரா ஜி. "க்யா டீடெயில் ஹை." அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார். நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். வால்வு ஆம்ப்ளிஃபயர் உடனே அடங்காது, அணைத்த பிறகும் இரண்டு மூன்று நொடி பாடிவிட்டுத்தான் ஓயும். அந்த நொடிகளிலும் அம்மா பாடினாள்.

செல்வி காபித் தட்டோடு வந்து நின்றாள். அவளுக்கு விழுப்புரம் பக்கம், தில்லிக்கு வந்து இருபது வருஷம், இந்தி நன்றாகப் புரியும்.

"எந்த வூட்டு காம்வாலி சார் இவ்ளோ நல்லா பாடுது?" என்றாள், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

"நான்தான் தாயி" என்றாள் அம்மா.

செல்வி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லோருக்கும் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். என்னுடையதைத் தட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். (அதற்குப் பிறகு ஒரு மாதம் என் காபியில் சர்க்கரை இல்லை.)

பேசாமல் இருந்திருக்கலாம். நான் பேசினேன். சின்ன வயசும்மா என்றேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மதராஸி என்று கேலி செய்வார்கள் என்றேன். டேப்பில் இது இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது, இந்த ஸ்பீக்கர் இல்லாவிட்டால் கேட்டிருக்கவே கேட்காது என்றேன். அதைச் சொல்லும்போதும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அன்னைக்கே கேட்டுச்சுய்யா" என்றாள். "அதுக்கு இம்புட்டுப் பெரிய பெட்டி எதுக்கு?"

அப்பாவைப் பற்றி நான் எங்கெங்கே என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "உங்கப்பா கேசட்டை அனுப்ப ரெண்டு தடவை கவர் வாங்கிட்டு வந்தாக. நான்தான் போடல" என்று சொல்லிவிட்டு எழுந்து பின்னறைக்குப் போனாள். மெஹ்ரா ஜிக்கு ஒன்றும் புரியவில்லை. ஹார்னை இன்னும் இரண்டு டிகிரி உள்ளே திருப்பினால் குரல் நடுவில் வரும் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாளே நான் கட்டிலைப் பழையபடி ஹாலுக்குக் கொண்டுவந்தேன். பெட்டிகளை மெஹ்ரா ஜி எடுத்துக்கொண்டு போனார். அவற்றை வெளியேற்ற மறுபடியும் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. கேசட்டை அம்மா யாரிடமும் கேட்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள். எங்கே வைத்தாள் என்று நான் தேடவில்லை.

ஆனால் அந்த வார்த்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா எடுத்து, "காம்வாலி பேசுதேன்" என்பாள். அழைப்பு மணி அடித்து யாரென்று கேட்டால், பூங்காவிலிருந்து திரும்பிய அம்மா வெளியே நின்று, "காம்வாலிய்யா" என்பாள். அனுவுக்குத் தமிழில் நகைச்சுவை அவ்வளவாகப் புரியாது, இது மட்டும் அட்சரசுத்தமாகப் புரிகிறது. விழுந்து விழுந்து சிரிப்பாள். கோமதியும் சிரிப்பாள். சொந்தக்காரர்கள் வந்தால் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். நானும் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி, நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

போன மாதம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, "எம்மா, ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்டேன்.

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மா சொன்னாள்.

"காம்வாலி இன்னைக்கு லீவுய்யா."