கொஞ்சம் வேலைதான், ஃபியட் விற்பனைக்கு

வண்டி விற்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஓடுகிற வண்டியை விற்கிறவர் ஒரு ரகம். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இன்னொருவர் இருக்கிறாரே, ஷெட்டில் பதினேழு வருஷமாக அசையாமல் நிற்கிற பழைய காரை, "கொஞ்சம் வேலைதான், கம்மி செலவுல முடிச்சா ராஜா மாதிரி போலாம்" என்று விற்கக் கிளம்புகிறவர், அவரைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஆம்பூர் பக்கம் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் தெருவில் யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

இந்த ரகத்தின் பேச்சுக்கு அர்த்தம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "லேசா துரு" என்றால், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து முட்டையிட்ட கோழி முட்டையைத் தரையில் இறங்கித் தேடுகிறது என்று அர்த்தம். "ஒயரிங் மட்டும் பாக்கணும்" என்றால் எலி ஏற்கெனவே பார்த்துவிட்டது. "பார்ட்ஸு ஈசியா கிடைக்கும்" என்றால், பன்னிரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

போனில் போடுகிற போட்டோவைப் பாருங்கள். ஜாதகத்தோடு அனுப்புகிற போட்டோ மாதிரி, நல்ல பக்கமாக, சாயங்கால வெயிலில் எடுத்திருப்பார். ஆள் பார்க்க வருகிறார் என்றால் விடிந்ததும் நாலு டயருக்கும் காற்றடிப்பார், இரண்டில் நிற்கும். முன்பக்கத்தை மட்டும் கழுவித் தேங்காயெண்ணெய் தடவுவார். தெருவில் போகிற மூன்று பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, ஒரு முழம் நகர்ந்ததும், "பாத்தீங்களா? நகருதா இல்லியா?" என்பார். நகருகிற வண்டி ஓடாமலா போகும்? பீரோகூடத்தான் தள்ளினால் நகர்கிறது!

இவ்வளவும் செய்துவிட்டு, விற்கிறாரா? விற்க மாட்டார். ஒருவன் டயரை உதைத்துப் பார்த்தான், மரியாதை தெரியாதவன். ஒருவன் ஒன்றுமே கேட்கவில்லை, அக்கறை இல்லாதவன். ஒருவன் எல்லாம் கேட்டான், பேஜார் பிடித்தவன். எடைக்குக் கேட்டவனுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

இந்த ஃபியட்டைத் தோல் ஷாப்பு முதலாளி ரஃபி அகமது பாய்க்கு முப்பது வருஷம் ஓட்டியவன் நான். அவர் புது வண்டி வாங்கியபோது இதை எனக்கே கொடுத்துவிட்டார். ஆகவே, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று யாராவது கேட்டால் நான் நம்பர் சொல்வதில்லை. என் பெரியப்பா மகன் தாமோதரன் மாப்பிள்ளையாக இதில்தான் போனான் என்றும், அவன் மச்சினி பிரசவத்துக்கு வேலூர் போகும்போது பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் பின்சீட்டிலேயே பெற்றாள் என்றும், அந்தப் பிள்ளை இப்போது ராணிப்பேட்டையில் சூப்பர்வைசர் என்றும், அவன் கட்டியது யார் மகளை என்றும் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் என் மருமகள் ஜோதி வேலை பார்த்த ஷூ கம்பெனியில் ஒரு லைனை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்க அவள் ஆர்டர் பிடித்தாள். இரண்டு மிஷின் போட இடம் வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே இடம் ஷெட்.

"திங்கக்கிழம மிஷினு வருது மாமா. எடம் இல்லன்னா வேற வீட்டுக்குக் குடுத்துடுவாங்களாம். உங்க வண்டி நிக்கணுமா, நாங்க சாப்புடணுமா? நீங்களே சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெயசீலன் என்கிற ஒருவன் வந்தான். விவரமான ஆள். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துணிச்சலாக ஒரு விலையும் சொன்னான். நியாயமான விலை. வாசற்படியில் நின்ற ஜோதி, "சரின்னு சொல்லுங்க" என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சரி என்ற ஒரு சொல்தானே? நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"தம்பிக்கு எந்த ஊரு?"

"அணைக்கட்டுங்க. அம்மாவுக்கு மாதனூரு."

"மாதனூர்ல யாரு வீடு?"

"ரங்கம்மாள் பொண்ணு வயித்துப் பேரன்."

"எந்த ரங்கம்மாள்? கிணத்து வீட்டு ரங்கம்மாளா?"

"ஆமா, உங்களுக்கு எப்படி..."

எப்படியா! என் அம்மாவின் பெரியம்மா மகள் ரங்கம்மாள். எனக்குச் சித்தி. சித்தி மகள் எனக்குத் தங்கச்சி. "டேய், நான் உனக்குத் தாய்மாமன்டா!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஜோதி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. பயலும் விவரமானவன் அல்லவா, "மாமா" என்று உடனே காலைத் தொட்டான். பிறகு மாமன் எங்கே விலை பேசுவது? இவன் காதுகுத்துக்கு நான் போகவில்லை, மடியில் உட்கார வைக்கவில்லை, ஒரு குண்டுமணித் தங்கம் போடவில்லை. முப்பது வருஷ சீர் பாக்கி! விலையில் பாதியை அதற்குக் கழித்தேன். மீதியில் பாதியைத் தங்கச்சி முகத்துக்காகக் கழித்தேன்.

"ரொம்ப சந்தோசம் மாமா," என்றான் மாப்பிள்ளை. "எங்க வீட்ல நிறுத்த எடமில்ல. வண்டி இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து மெதுவா வேல பாத்துக்கறேன்."

வேற்றாள் என்றால், "பணத்தை வச்சிட்டு வண்டிய எடு" என்று சொல்லலாம். அக்கா தங்கை மகனிடம் எந்தத் தாய்மாமன் வாயைத் திறந்து இடமில்லை என்பான்? "அதுக்கென்ன மாப்ள" என்றேன். விற்றும் விற்காத வண்டி! உள்ளுக்குள் எனக்கு ஜாஸ்தி சந்தோஷம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஜோதி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நீங்க அத்த மகன்னா, எனக்கு அண்ணன் மொற. இல்லியாண்ணா?"

"ஆமாம்மா."

"தங்கச்சி வீட்டுக்கு மொதத் தடவ வெறுங்கையோட வந்திருக்கீங்க."

ஜெயசீலன் நெளிந்தான். "சொல்லும்மா, இன்னா வேணும்?"

"பொடவ வேணாம், தட்டு வேணாம். இந்த வண்டிய இன்னைக்கே எடுத்துட்டுப் போங்கண்ணா. அதான் நீங்க எனக்குச் செய்யற சீரு. முஜாஹித் மெக்கானிக்குக்குப் போன் பண்ணிட்டேன், ரெக்கவரி வண்டி தெருமுனைல வருது."

தங்கச்சி வாய்விட்டுக் கேட்ட முதல் சீர். இல்லை என்று சொல்ல முடியுமா? அவன் என்னைப் பார்த்தான். நான் மேலே ஓட்டைப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் ஃபியட் சங்கிலியில் தொங்கிக்கொண்டு போய்விட்டது. சைலன்சர் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

திங்கட்கிழமை மிஷின் வந்தது. இப்போது அந்த ஷெட்டில் நாள் முழுக்க ஏதோ ஒன்று ஓடுகிறது. பதினேழு வருஷத்தில் இல்லாத அதிசயம். நான் வாராவாரம் தங்கச்சியைப் பார்க்க அணைக்கட்டு பஸ் ஏறுகிறேன். தங்கச்சி வீட்டுக்குள் இருப்பாள். நான் வாசலிலேயே, தார்ப்பாய் போட்டு மூடிய ஃபியட்டின் பக்கத்தில் நின்றுவிட்டு வருகிறேன்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். உங்கள் பரண்மேல் ஒரு மிக்சி இருக்குமே, ஒரு ஒயர் மாற்றினால் சுற்றும் என்று வைத்திருக்கிறீர்களே? மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர்? அதைக் கேட்டு ஆள் வந்தால் விலையை மட்டும் பேசுங்கள். எந்த ஊர் என்று மறந்தும் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டுவிட்டீர்களா? அப்படியானால் வாருங்கள், அணைக்கட்டு பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கிறது.